சாப்பாட்டுப் பொட்டலமும் ஒரு சாட்சியும்: க்ரோனோ ட்ரிக்கர் இயங்கும் விதம்

க்ரோனோ ட்ரிக்கர் என்ற வீடியோ விளையாட்டின் தொடக்கத்தில் ஒரு திருவிழா வருகிறது. அங்கே ஒரு மேசையில் யாரோ வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கும். பொத்தானை அழுத்தினால் நாயகன் க்ரோனோ அதைச் சாப்பிட்டுவிடுவான். ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் பயணிக்கும் ஜப்பானிய ஆர்பிஜி விளையாட்டுகளில் பழகிய கை இதற்குத் தயங்காது. அந்த உலகங்களில் எந்த வீட்டில் நுழைந்து எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை.

இங்கே கேட்கிறார்கள். இளவரசியைக் கடத்தியதாகக் க்ரோனோவைப் பிறகு நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். பொட்டலத்துக்குச் சொந்தக்காரரான முதியவர் சாட்சி சொல்ல வருகிறார். தொலைந்த பூனையைச் சிறுமியிடம் சேர்த்தோமா, நம்மீது மோதி விழுந்த பெண்ணை முதலில் கவனித்தோமா, அவளுடைய பதக்கத்தை எடுக்கப் பாய்ந்தோமா என்பதெல்லாம் வரிசையாக விசாரணைக்கு வருகிறது.

1995 மார்ச்சில் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் விளையாட்டுக் கருவிக்காக ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு இது. ஃபைனல் ஃபேன்டசி விளையாட்டுத் தொடரை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சி, டிராகன் குவெஸ்ட் தொடரை உருவாக்கிய யூஜி ஹோரி, ஓவியர் அகிரா டோரியாமா மூவரும் இதில் சேர்ந்து உழைத்தார்கள்.

நடந்ததை விளையாட்டு நினைவில் வைக்கும் முறை மிக எளிமையானது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் நினைவகத்தில் ஒரு பிட். நடக்கும்வரை 0, நடந்தால் 1. நிரலாளர்கள் இதை ஃப்ளாக் என்பார்கள். ஒரு பைட்டுக்குள் எட்டு ஃப்ளாக் அடங்கும். நீதிமன்றக் காட்சி வந்ததும் நிரல் அந்தப் பிட்டுகளைப் படித்து, யாரைச் சாட்சிக்கு அழைப்பது, ஏழு ஜூரிகளில் யார் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்கிறது. எண்ணிவைக்கும் வேலை முன்பே முடிந்துவிட்டது, நமக்குத்தான் தெரியாது. உடனே திட்டியிருந்தால் அது வெறும் தண்டனை. நாம் மறந்த பிறகு எடுத்துக் காட்டுவதால் நம் குணத்தையே யாரோ கவனித்திருந்தது போல் படுகிறது. எனக்கு இந்த விளையாட்டின் மேதைமை அந்த இடைவெளியில்தான் தெரிகிறது.

இந்தக் கதையில் வரும் காலப்பயணமும் இதே முறையில்தான் நடக்கிறது. கி.பி. 600-இல் பாலையாகிப்போன நிலத்தில் காடு வளர்க்க ரோபோ என்ற இயந்திர நண்பனை விட்டுவிட்டு, நாம் கி.பி. 1000-க்குப் பறக்கிறோம். நமக்குச் சில நொடிகள், அவனுக்கு 400 ஆண்டுகள். கணினியைப் பொறுத்தவரை ஒரு ஃப்ளாக் மாறியதால் பாலைக்குப் பதில் காட்டின் படம் வருகிறது, அவ்வளவுதான். ஆனால் செயலிழந்து கிடக்கும் நண்பனைப் பார்க்கும்போது கணினி ஞாபகம் வருவதில்லை.

அன்றிரவு தோழி லூக்கா தனியாக எழுந்து போய், தன் தாய் இயந்திர விபத்தில் நடக்கும் திறனை இழந்த நாளுக்குத் திரும்புகிறாள். அந்த இயந்திரத்தை நிறுத்த நாம் கன்ட்ரோலரில் எல், ஏ, ஆர், ஏ பொத்தான்களை வரிசையாக அழுத்த வேண்டும். அது தாயின் பெயர், லாரா. பதற்றத்தில் விரல் தவறினால் விபத்து நடந்தே தீரும். லூக்காவின் பதற்றம் வசனமாக வருவதற்கு முன்பே நம் விரல்களுக்கு வந்துவிடுகிறது.

இசையும் இறுக்கமான இடத்துக்குள் பிறந்தது. ஒலிச் சில்லுக்கு 64 கிலோபைட் நினைவகம், ஒரே நேரத்தில் எட்டுக் குரல்கள். குட்டிக் குட்டி ஒலித் துண்டுகளைச் சுழலவிட்டுத்தான் யாசுனோரி மிட்சுடா அந்தப் பாடல்களை அமைத்தார். நடுவில் அவர் நோயுற்றதால் இன்னொரு இசையமைப்பாளரான நோபுவோ உவேமட்சு கைகொடுத்தார்.

ஒருமுறை முடித்தவர்கள், சேர்த்த வலிமையோடு மீண்டும் தொடங்கலாம். இறுதி எதிரி லாவோசைக் கதையின் வெவ்வேறு கட்டங்களில் வீழ்த்தலாம். வீழ்த்தும் நேரத்தில் கதை எதுவரை நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, பத்துக்கும் மேற்பட்ட முடிவுகளில் ஒன்றை நிரல் காட்டுகிறது. மனிதருக்கும் ஊர்வன இனத்துக்கும் இடையிலான ஆதிகாலப் போர் முடியாத ஒரு கட்டத்தில் லாவோசைக் கொன்றால், கி.பி. 1000-இல் க்ரோனோ ஊர்வன உருவத்தில் படுக்கையிலிருந்து எழுந்திருப்பான்.