சாலையா சீறுகிறது?

சில்க் போர்டோ ஹெப்பாளோ, பெங்களூரில் எங்கே இரண்டு வண்டிக்காரர்கள் அடித்துக்கொண்டாலும் தமிழ்ச் செய்தியில் அது 'சாலைச் சீற்றம்' ஆகிவிடுகிறது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

மூலச் சொல் 'ரோட் ரேஜ்'. 1980களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் நெடுஞ்சாலைகளில் துப்பாக்கிச் சூடுகள் நடந்தபோது தொலைக்காட்சிக்காரர்கள் பரப்பிய சொற்றொடர் அது.

கடல் சீற்றம் என்றால் சீறுவது கடல். இயற்கைச் சீற்றம் என்றால் இயற்கை. அப்படியானால் சாலைச் சீற்றத்தில் சீறுவது யார்? தமிழ்க் காதுக்குச் சாலைதான். ஹெல்மெட்டால் மண்டையில் அடித்த ஆள் காணாமல் போய், அடித்தது ஏதோ புயல் வெள்ளம் போலக் கேட்கிறது. மொழிபெயர்த்தவர் இரண்டு சொல்லுக்கும் அகராதியில் பொருள் பார்த்திருக்கிறார், சேர்த்து ஒருமுறை வாய்விட்டுப் படிக்கவில்லை. 'சாலை வெறி'யும் உதவாது. வெறி பிடித்தவனுக்குப் புத்தி தன் வசம் இல்லை என்று அதுவே அவனுக்காக வாதாடிவிடும். சரி, தூய தமிழில் 'வெகுளி' என்போமா? வள்ளுவர் 'வெகுளாமை' என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஆனால் இன்றைக்கு வெகுளி என்றால் சூதுவாது தெரியாதவர்.

நான் சொல்வது 'ஓட்டுநர் ஆத்திரம்'. ஆத்திரம் என்றால் கோபம் மட்டுமல்ல, அவசரமும்தான். 'ஆத்திர அவசரத்துக்கு' என்கிறோமே. வடமொழி 'ஆதுர'த்தோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். இங்கே கன்னடத்தில் இன்றும் 'ஆதுர' என்றால் அவசரம். தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். எனக்குப் பொருள் தெளிவுதான் முக்கியம். இந்த உளவியலுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் இல்லை. 1994இல் உளவியலாளர் டெஃபன்பாக்கரும் உடன் ஆய்ந்தவர்களும் ஓட்டுநர் கோபத்தை அளக்க ஓர் அளவுகோல் வகுத்தார்கள். முன்னால் மெதுவாகப் போகும் வண்டி, போக்குவரத்துத் தடை, பிறரின் மரியாதைக் குறைவு எல்லாம் அதில் தனித்தனிப் பிரிவுகள். கோபத்தில் ஒரு பங்கு தாமதத்தில்தான் பிறக்கிறது. அதோடு, நாம் குறுக்கே புகுந்தால் 'அவசரம்' என்கிறோம், அடுத்தவர் புகுந்தால் 'திமிர்' என்கிறோம்.

ஆனால் ஆத்திரம் மனநிலைக்கு மட்டும். வண்டியை விட்டு இறங்கிக் கைவைத்தால் அது அடிதடி. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையே முரட்டுத்தனமாக ஓட்டுவதைப் போக்குவரத்துக் குற்றம் என்றும், 'ரோட் ரேஜ்' என்பதைத் தாக்குதல் குற்றம் என்றும் பிரிக்கிறது. நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பெயரில் குற்றமே கிடையாது. வழிமறித்தலுக்கு 126, காயப்படுத்துவதற்கு 115 என்று பிரிவுகள் உண்டு. சட்டம் செயலைத்தான் பார்க்கிறது. செய்தியும் அப்படித்தான் எழுதப்பட வேண்டும்.

இந்த அடிதடிச் செய்திகளுக்குப் புதுச் சொல்லே தேவையில்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம். 'வழிவிடுவதில் தகராறு: ஓட்டுநரைத் தாக்கிய இருவர் கைது' என்று நம் நாளிதழ்கள் காலங்காலமாக எழுதிவந்தன. யார், யாரை, எதற்கு என்று மூன்றும் அதில் இருந்தன. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் சீற்றத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.