ஆட்டோ மீட்டரில் 15 ரூபாய் 40 காசு வருமா?

2013 ஆகஸ்டில் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் இது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு ஆட்டோ வந்ததா என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை. நமக்கு வேண்டியது இதில் ஒளிந்திருக்கும் கணக்கு மட்டும்.

5 கிலோமீட்டர் போனால் எவ்வளவு? முதல் 1.8-க்கு 25. மிச்சம் 3.2 கிலோமீட்டருக்கு 38.40. ஆக 63 ரூபாய் 40 காசு. சூத்திரமாக எழுதினால்:

கட்டணம் = 25 + 12 × (தூரம் − 1.8)

அடைப்புக்குறியைப் பிரித்துச் சுருக்கினால்:

கட்டணம் = 12 × தூரம் + 3.40

தூரத்துக்கு 5 போட்டுப் பாருங்கள், அதே 63.40 வரும். சரி, இப்போது 1 போடுங்கள். 15 ரூபாய் 40 காசு. அப்படி ஒரு தொகை மீட்டரில் விழவே விழாது. ஏறி உட்கார்ந்தாலே 25. அடுத்து 0 போடுங்கள். நகராத ஆட்டோவுக்கு 3 ரூபாய் 40 காசு. −1 போட்டால் இன்னும் வேடிக்கை, ஓட்டுநர்தான் நமக்கு 8 ரூபாய் 60 காசு தர வேண்டும்.

கூட்டல், பெருக்கல் எதிலும் தப்பில்லை. அந்தச் சூத்திரம் 1.8 கிலோமீட்டரிலிருந்துதான் செல்லும். அதற்குக் கீழே உள்ள தூரத்தை அதனிடம் கேட்டது நம் தப்பு. எந்தெந்த எண்களை உள்ளே போடலாம் என்ற தொகுப்புக்குத்தான் மதிப்பகம் என்று பெயர். தேர்வில் 'மதிப்பகம் காண்க' என்று தனிக் கேள்வியாகக் கேட்டுக் கேட்டு, சூத்திரத்தைப் போட்டு முடித்த பிறகு யோசிக்கிற விஷயமாக அதை ஆக்கிவிட்டோம். உண்மையில் சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது.

ஓர் எண்ணைக் கொடுத்தால் அதற்கு விடை தருகிற இந்த மாதிரித் தொடர்புக்குக் கணக்கில் சார்பு என்று பெயர். அதற்கான நிபந்தனை சின்னதுதான். மதிப்பகத்தில் உள்ள எதைக் கொடுத்தாலும் ஒரு விடை வர வேண்டும். ஒரே ஒரு விடைதான் வர வேண்டும். மீட்டர் போடாத ஆட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 5 கிலோமீட்டருக்கு ஒருவர் 100 என்கிறார், அடுத்தவர் 120 என்கிறார், மூன்றாமவர் "நீங்களே பாத்துக் குடுங்க சார்" என்கிறார். தூரம் ஒன்று, விடை மூன்று. இங்கே கட்டணம் தூரத்தின் சார்பு இல்லை. அரசுக் கட்டணத்திலேயும் இந்தச் சிக்கல் உண்டு: இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. ஆகவே 5 கிலோமீட்டருக்குப் பகலில் 63.40, நள்ளிரவில் 95.10. தூரத்தோடு நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் மறுபடி ஒரே விடை கிடைத்துவிடும். பேரத்தில் மழை, கூட்டம், நம் முகராசி என்று எத்தனையைச் சேர்ப்பது என்பதுதான் கஷ்டம்.

மாணவர்கள் அதிகம் குழம்புவது இதன் மறுபக்கத்தில். அரை கிலோமீட்டர் போனாலும் 25, 1.7 கிலோமீட்டர் போனாலும் 25. இரண்டு தூரங்களுக்கு ஒரே விடை வருகிறதே, இது சார்பா? சார்புதான். இரண்டு பேருக்கு ஒரே பிறந்த தேதி இருக்கலாம். ஒருவருக்கு இரண்டு பிறந்த தேதிகள் இருக்கக் கூடாது. (பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகத் தாத்தா மாற்றிச் சொன்ன தேதியைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.)

வரைபடமாகப் போட்டால் இது கண்ணுக்கே தெரியும். தூரம் கிடையாக, கட்டணம் மேல்நோக்கி: 1.8 வரை 25 ரூபாய் உயரத்தில் ஒரு படுகோடு, அங்கிருந்து சாய்வாக ஏறும் ஒரு கோடு. ஸ்கேலைச் செங்குத்தாக வைத்து இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். எங்கே நிறுத்தினாலும் கோட்டை ஒரே இடத்தில்தான் தொடும். வட்டத்தின் மேல் நகர்த்தினால் பெரும்பாலும் இரண்டு இடத்தில் தொடும், அதனால் வட்டம் சார்பாகாது. குத்துக்கோட்டுச் சோதனை என்பது இவ்வளவுதான்.

வெளியே வரும் விடைகளின் தொகுப்பு வீச்சகம். பகல் கட்டணத்துக்கு அது 25-இல் தொடங்கி மேலே போகிறது. 18 ரூபாய் அதில் இல்லை, எவ்வளவு குறைந்த தூரம் போனாலும் வராது. நிஜ மீட்டர் படிப்படியாகத் தாவும் என்பதால் வீச்சகத்தில் இடையிடையே இன்னும் பல எண்கள் விடுபடும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை விட்டுவிட்டேன்.

1.8 வரை ஒரு விதி, அதன்பின் இன்னொரு விதி என்று ஒட்டுப்போட்டது ஒரே சார்பாகுமா என்ற சந்தேகம் பெரிய ஆட்களுக்கே இருந்தது. எஃப் எழுதி அடைப்புக்குறிக்குள் எக்ஸ் போடும் குறியீட்டை 1734-இல் பயன்படுத்தியவர் சுவிஸ் கணிதவியலர் ஆய்லர். (அது 'எஃப் பெருக்கல் எக்ஸ்' அல்ல; எக்ஸை உள்ளே போட்டால் வரும் விடை.) அவரே 1748-இல் வெளிவந்த நூலில் சார்பு என்பதை ஒரு கோவையாகத்தான், அதாவது எழுதிக் காட்டக்கூடிய சூத்திரமாகத்தான் விளக்கினார். 1837-இல் ஜெர்மானியக் கணிதவியலர் டிரிக்லே அந்தக் கட்டை அவிழ்த்தார்: ஒவ்வொரு எக்ஸுக்கும் திட்டவட்டமாக ஒரு விடை இருந்தால் போதும், முழுத் தூரமும் ஒரே விதியில் போக வேண்டியதில்லை. நம் ஆட்டோ கட்டணம் அந்த விளக்கத்துக்குள் தாராளமாக அடங்கும்.

கடைசியாக ஒரு கிணறு. தண்ணீர்மட்டம் 20 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கல்லைக் கையிலிருந்து நழுவ விடுகிறோம். அது விழுந்த தூரம், மீட்டரில், ஏறக்குறைய 5 × நேரம் × நேரம், நேரம் விநாடியில். எப்போது தண்ணீரைத் தொடும்? நேரத்தின் வர்க்கம் 4 ஆக வேண்டும். விடை 2, அல்லது −2. 'நேரம் குறை எண்ணாக இருக்காது' என்று மந்திரம்போல் எழுதிவிட்டு −2-ஐ அடிப்போம். அதை முதலிலேயே எழுதியிருக்கலாம்: கல்லை விடுகிற கணம் 0, அதற்கு முன் இந்தச் சூத்திரத்துக்கு வேலையில்லை. தண்ணீரைத் தொடுகிற கணம் 2, அதற்குப் பின்னும் வேலையில்லை. மதிப்பகம் 0 முதல் 2 வரை, வீச்சகம் 0 முதல் 20 வரை. இதைக் குறித்துக்கொள்ளாமல் 3 விநாடி போட்டால் கல் 45 மீட்டர் போயிருக்கும். −2-ஐ நம்பினாலோ, கல் கையில் இருக்கும்போதே கிணற்றுக்குள் 'டொபக்' என்று கேட்க வேண்டும்.