எட்டாம் நாள் வந்த காய்ச்சல்

பல வருடங்களுக்கு முன், ஒரு வயதுக் குழந்தைக்கு எம்.எம்.ஆர். ஊசி போட்டேன். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி. "ஏதாவது ஆகுமா டாக்டர்?" என்று அம்மா கேட்டார். வெளியே நிறைய பேர் காத்திருந்தார்கள். "ஒன்றும் ஆகாது, பயப்படாமல் போங்கள்" என்று அனுப்பிவிட்டேன்.

எட்டாம் நாள் இரவு குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. இரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றது. காலையில் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. அம்மா மட்டும் தூங்காத கண்களோடு என் முன் உட்கார்ந்து, "ஒன்றும் ஆகாதுன்னு சொன்னீங்களே" என்றார். எனக்குப் பதில் இல்லை.

அதற்குப் பிறகு அந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை. என்ன ஆகலாம், எத்தனை பேருக்கு ஆகலாம், எந்த நாளில் ஆகலாம் என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த, உயிருள்ள வைரஸ். அது உடம்பில் மெல்லப் பெருகித்தான் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும். அதனால் காய்ச்சல் வருவதானால் பெரும்பாலும் 6 முதல் 12 நாள் கழித்துத்தான் வரும். 3,000 அல்லது 4,000 டோஸுக்கு ஒன்று என்ற கணக்கில் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. பார்ப்பவர்களுக்கு உயிரே போய்விடும் போலிருக்கும், ஆனால் இப்படி வந்து சீக்கிரம் நிற்கும் வலிப்பு மூளையைக் கெடுப்பதில்லை. 30,000 முதல் 40,000 டோஸுக்கு ஒன்றில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து தோலில் சிவப்புப் புள்ளிகள் வரலாம். அநேகமாகத் தானே சரியாகிவிடும். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பத்து லட்சம் டோஸுக்கு ஒன்று என்ற அளவில்தான். வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரியும். ஊசி போட்டதும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

சரி, ஊசி போடாவிட்டால்? நல்ல மருத்துவ வசதி உள்ள இடத்திலும் தட்டம்மை வந்த குழந்தைகளில் 20 பேரில் ஒருவருக்கு நிமோனியா வருகிறது. ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை வீங்குகிறது. ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பேர் இறக்கிறார்கள். பிழைத்த குழந்தைகளிடமும் ஒரு இழப்பு இருக்கிறது. மற்ற நோய்களுக்கு எதிராக உடம்பு சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை தட்டம்மை அழித்துவிடுகிறது என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

"நோய் வந்தால்தானே டாக்டர்? வராமலே போகலாமே" என்று ஓர் அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் தட்டம்மை வந்தவர் அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை வைரஸ் அந்தக் காற்றில் இருக்கும். பாதுகாப்பில்லாமல் அவர் அருகில் இருந்த 10 பேரில் 9 பேருக்குத் தொற்றிவிடும். இன்று நோய் கண்ணில் படவில்லை என்றால், சுற்றியுள்ள பிள்ளைகள் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஜப்பான்தான் ஞாபகம் வரும். அங்கே 1974ஆம் ஆண்டு கக்குவான் இருமலுக்கு ஆளானவர்கள் 393 பேர், ஒருவர்கூட இறக்கவில்லை. ஊசி போட்டபின் இரண்டு குழந்தைகள் இறந்துபோனதால் 1975இல் அந்தத் தடுப்பூசியை நிறுத்தினார்கள். பிறகு மறுபடி அனுமதித்தும் மக்கள் தயங்கினார்கள். 1979இல் 13,000 பேருக்கு மேல் நோய் வந்தது. 41 பேர் இறந்தார்கள். அந்தப் பெற்றோரின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பக்கவிளைவு குறைந்த புதிய கக்குவான் தடுப்பூசியை 1981இல் முதலில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்ததும் அதே ஜப்பான்தான். ஆனால் நடுவில் போன உயிர்கள் போனவைதான்.

எம்.எம்.ஆர். ஊசியால் ஆட்டிசம் வருமா என்றும் கேட்கிறார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பியது 1998இல் 12 குழந்தைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரை. அதை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தும் தொடர்பு எதுவும் இல்லை.

உண்மையாகவே தயங்க வேண்டிய குழந்தைகளும் உண்டு. முந்தைய டோஸுக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள். இவர்களுக்கு உயிருள்ள வைரஸ் ஊசியை நானே வேண்டாம் என்பேன். சாதாரணச் சளிக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. காய்ச்சல் வந்தால் எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, முகம் வீங்கினாலோ எதற்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அந்த அம்மா இரண்டாவது டோஸுக்கும் என்னிடமே வந்தார். முதல் தடவை வலிப்பு வந்ததால் இந்த ஊசியைத் தவிர்க்க வேண்டியதில்லை என்பதையும், இந்தத் தடவை காய்ச்சல் வரும் வாய்ப்பு குறைவு என்பதையும், வந்தால் என்ன செய்வது என்பதையும் பொறுமையாகச் சொன்னேன். அவர் கைபேசியில் ஆறாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரை குறித்துக்கொண்டார். பதின்மூன்றாம் நாள் காலை எனக்குப் போன் செய்து, "காய்ச்சல் வரவே இல்லை டாக்டர்" என்றார்.