இஞ்சினைத் தூக்குவது பளுதூக்கி அல்ல, சங்கிலிக் கப்பி

விசைப்படகிலிருந்து இஞ்சினை வெளியே எடுப்பது பற்றித் தமிழில் எதைப் படித்தாலும், அது பாதுகாப்புத் துண்டறிக்கையோ, பயிற்சிக் கையேடோ, காணொளிக்குக் கீழே ஓடும் எழுத்தோ, "பளுதூக்கியைப் பயன்படுத்தி இயந்திரத்தை உயர்த்தவும்" என்று ஒரு வரி வந்துவிடுகிறது. எந்தப் பளுதூக்கி? கரையில் நிற்கிற கிரேனா, மேலே தொங்குகிற செயின் பிளாக்கா, அடியில் வைத்து நெம்புகிற ஜாக்கியா? மூன்றுக்கும் அந்த ஒரே சொல்லைத்தான் போடுகிறார்கள். படிக்கிறவன் படகுப் பட்டறையில் வேலை பார்ப்பவனாக இருந்தால் அந்த வரியால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டிலிருந்து தூத்துக்குடி வரை விசைப்படகுகளுக்குப் பெரிய பழுது வேலைகள் நடப்பது பெரும்பாலும் அப்போதுதான். உள்ளே பொருத்திய ஆறு சிலிண்டர் டீசல் இஞ்சினைக் கியர்பாக்ஸோடு சேர்த்து எடுத்தால் அரை டன்னைத் தாண்டும். ஃபைபர் படகின் வெளிப்பொருத்து இஞ்சின் மாதிரி, ஏறத்தாழ 40 கிலோ, இரண்டு பேர் தோளில் வைத்துக்கொண்டு போகிற சமாச்சாரம் இல்லை அது. டீசல் குழாய், குளிர்நீர்க் குழாய், புகைக்குழாய் எல்லாவற்றையும் பிரித்து, காற்றாடித் (புரொப்பெல்லர்) தண்டின் இணைப்பைக் கழற்றி, அடித்தள போல்ட்டுகளை விடுவித்து, மேல்தளப் பலகைகளை அகற்றிய பிறகு, இஞ்சினுக்கு நேர் மேலே முக்காலியோ உத்திரமோ கட்டி அதில் செயின் பிளாக்கை, அதாவது நான் சங்கிலிக் கப்பி என்கிற கருவியை, தொங்கவிடுவார்கள். கைச்சங்கிலியை இழுக்க இழுக்க இஞ்சின் விரல் விரலாக மேலே வரும். கையை விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும், சரிந்து விழாது. அதுதான் இந்தக் கருவியின் உயிர்.

இந்தக் கருவிகளின் ஆங்கிலப் பெயர்களில் பாதி கப்பலிலிருந்து வந்தவை. பாய்மரக் கப்பலில் கயிறு ஓடும் சக்கரத்தை அடக்கிய மரக்கூட்டுக்கு 'பிளாக்' என்று பெயர். கயிறு போய்ச் சங்கிலி வந்ததும் 'செயின் பிளாக்' ஆகிவிட்டது. அதற்கே இன்னொரு பெயரான 'ஹாய்ஸ்ட்' என்பதும் பாயை மேலே ஏற்றும் மாலுமிகளின் பேச்சுதான், டச்சுக்காரர்கள் பக்கத்திலிருந்து வந்தது. 'கிரேன்' கொக்கு இனத்துப் பறவை. கிரேக்க மொழியிலேயே அந்தக் கருவிக்குப் பறவையின் பெயர்தான். 'டெரிக்' 1600ஐ ஒட்டிய காலத்தில் லண்டன் டைபர்னில் கைதிகளைத் தூக்கிலிடும் வேலை பார்த்த ஒருவரின் பெயர், தூக்குமரத்துக்கு ஒட்டிக்கொண்டு பிறகு சரக்குத் தூக்கும் கம்பத்துக்கு வந்து சேர்ந்தது. சொற்பிறப்பு இவ்வளவு போதும். எனக்குச் சண்டை மொழிபெயர்ப்போடுதான்.

தமிழில் 'பளுதூக்கி' என்றதும் காதில் முதலில் விழுவது விளையாட்டு. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினாரே, அது பளுதூக்குதல். ஆள் தூக்குவதைச் சொல்லும் சொல்லைக் கருவிக்குக் கொண்டுவந்ததைக்கூட மன்னிக்கலாம், ஒரு கருவிக்கு மட்டும் வைத்திருந்தால். 'தூக்கி' என்பது எதைச் செய்கிறது என்று சொல்கிறதே தவிர எப்படிச் செய்கிறது என்று சொல்வதில்லை. பல்லக்குத் தூக்கியும் தூக்கிதான், மின்தூக்கியும் தூக்கிதான். பட்டறையிலோ எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிரேன் கையை நீட்டிப் பக்கவாட்டில் சுழலும், படகுக்குள்ளிருந்து எடுத்ததைக் கரையில் கொண்டுவந்து வைக்கும். செயின் பிளாக் தொங்கும் இடத்துக்கு நேர் கீழே உள்ளதை மட்டும் நேராக மேலே இழுக்கும், சாய்த்து இழுத்தால் ஆபத்து. ஜாக்கி அடியிலிருந்து மேலே தள்ளும். வலை இழுக்கும் வின்ச் உருளையில் சுற்றி இழுக்கும், அதைக் கொண்டு ஒரு பாரத்தைத் தலைக்கு மேல் தொங்கவிட்டுக் கீழே ஆள் வேலை செய்யக்கூடாது. இத்தனை வித்தியாசத்தையும் 'பளுதூக்கி' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டு "பளுதூக்கியின் கீழ் நிற்காதீர்கள்" என்று எச்சரிக்கை எழுதினால் யார் எதன் கீழ் நிற்காமல் இருப்பது?

கிரேனுக்குப் 'பாரந்தூக்கி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதை அப்படியே விடலாம். செயின் பிளாக்குக்கு என்னுடைய சொல் 'சங்கிலிக் கப்பி'. நான் உருவாக்கியதாகச் சொல்லமாட்டேன், கப்பி பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிற சொல். மலையாளத்திலும் தெலுங்கிலும் அதே கப்பிதான். கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் பேப்பூரில் உரு என்கிற பெரிய மரக்கப்பலைத் தண்ணீரில் இறக்கும் மாப்பிளா கலாசிகள் இன்றைக்கும் வேலை செய்வது கப்பியையும் கயிற்றையும், தவர் என்கிற கையால் சுற்றும் இழுவை உருளையையும் வைத்துத்தான். 1988இல் பெருமண் ரயில் விபத்தில் அஷ்டமுடிக் காயலில் விழுந்த பெட்டிகளை எடுக்க அவர்களைத்தான் கூப்பிட்டார்கள். பெரும் பாரம் தூக்குகிற வேலையில் இந்தக் கடற்கரை முழுக்கப் புழங்கிய சொல்லை விட்டுவிட்டு, விளையாட்டு மைதானத்திலிருந்து ஒன்றைக் கடன் வாங்க வேண்டிய தேவை என்ன?

இதற்கு இரண்டு மறுப்பு சொல்வார்கள். கப்பி என்றால் ரோடு போடும் கல்லாயிற்றே என்பது ஒன்று. சங்கிலி என்று முன்னால் வந்த பிறகு யாருக்கும் கல் நினைவுக்கு வராது. இன்னொன்று கொஞ்சம் வலுவானது. கப்பி வெறும் சக்கரம்தானே, செயின் பிளாக்கின் உள்ளே பல்சக்கரமும் பிரேக்கும் இருக்கின்றனவே, எப்படி அதையே இதற்கு வைக்கலாம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் என்ன நடந்தது? வெறும் மரக்கூட்டின் பெயரைத்தான் பல்சக்கரப் பெட்டிக்கும் நீட்டிக்கொண்டார்கள். தவிர, இந்தக் கருவியின் மூதாதை பல்சக்கரமே இல்லாத வேறுபாட்டுக் கப்பி. ஒரே அச்சில் கொஞ்சமே அளவு மாறிய இரண்டு சக்கரம், ஒன்றின் ஆரம் 10, மற்றதின் ஆரம் 9 என்றால், உராய்வை விட்டுக் கணக்குப் போட்டால் இழுக்கும் விசை 20 மடங்காகும். கப்பியாகப் பிறந்த கருவியைக் கப்பி என்று சொல்வதில் எந்தப் பிழையும் இல்லை.

தூய தமிழ்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஜாக்கி ஜாக்கியாகவே இருக்கட்டும், வின்ச் வின்ச்சாகவே இருக்கட்டும், பட்டறையில் எல்லோருக்கும் புரிகிறது. செயின் பிளாக் என்றே எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை. தமிழ்ச் சொல் போடுவதென்றால் அது ஆங்கிலச் சொல்லைவிடத் தெளிவு குறைந்ததாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். 'பிளாக்' என்பதைப் பார்த்ததும் அகராதியைத் திறந்து 'சங்கிலித் தடுப்பு' என்று எழுதுகிறவர்களிடம் அந்தத் தெளிவை எப்படி எதிர்பார்ப்பது? இவர்கள் கையில்தான் பவர்போட் 'சக்திப் படகு' ஆகிறது. விசைத்தறியும் விசைப்படகும் தினமும் செய்தித்தாளில் வருகிற தமிழ்நாட்டில்! 'ஸ்லிங்' என்றால் 'கவண்' என்று எழுதுகிறார்கள். கவண் கல் எறிவது, இஞ்சினைக் கட்டித் தூக்குவது வார், அல்லது கம்பிவடம். 'ஷேக்கிள்' அவர்களுக்கு 'விலங்கு'. கொக்கிக்கும் வடத்துக்கும் நடுவே ஒரு விலங்கை மாட்டச் சொன்னால் படிக்கிறவன் என்ன செய்வான்? 'லாட வளையம்' என்று எழுதினால் அதன் வடிவமே கண்ணில் தெரியும்.

இதிலெல்லாம் மோசமானது கருவியின் மேல் பொறித்திருக்கிற எடையளவு. பாதுகாப்பாக எவ்வளவு தூக்கலாம் என்பதை ஆங்கிலத்தில் SWL என்று மூன்று எழுத்தில் சுருக்கிப் போட்டிருப்பார்கள், அதைப் 'பாதுகாப்பான வேலைச்சுமை' என்று பெயர்க்கிறார்கள். வேலைச்சுமை என்றால் தமிழில் ஒரு ஆளுக்கு இருக்கிற வேலையின் அளவு. ஆபீஸில் புலம்புகிற சொல். ஒரு டன் கப்பியில் ஒன்றரை டன் இஞ்சினை மாட்டினால் கொக்கி விரியலாம், சங்கிலி அறலாம், கீழே ஆள் இருந்தால் உயிர் போகும். அதைத் தடுக்கத்தான் அந்த எண் அங்கே இருக்கிறது. "இதற்கு மேல் தூக்காதே: 1 டன்" என்று எழுதினால் கடைநிலை உதவியாளருக்கும் புரியும். எடையும் டன்னும் மட்டும் போதும், அந்த இடத்தில் சுமை என்ற சொல்லே வேண்டாம்.