குருத்வாரா: சொல்லும் பொருளும்

சீக்கியர்கள் வழிபடக் கூடும் இடம் குருத்வாரா. இந்தப் பஞ்சாபிச் சொல்லில் இரண்டு பகுதிகள் உண்டு: குரு, துவாரம். வடமொழியில் துவாரம் என்றால் வாயில். நம் கோயில் சன்னிதி முன் கதாயுதத்தோடு நிற்கும் துவாரபாலகர் பெயரில் இருப்பதும் அதுதான். ஆக, குருவின் வாசல். ஆனால் இன்றைய தமிழில் துவாரம் என்றால் ஓட்டை என்றே படும் என்பதால் தமிழில் ‘குருதுவாரம்’ என்று எழுதுவது சரிப்படாது.

குரு நானக் காலத்தில் இந்த இடங்களைத் தரம்சாலா என்றார்கள். ஆறாம் குரு ஹர்கோவிந்த் காலத்திலிருந்து குருத்வாரா என்ற பெயர் பரவியதாகச் சீக்கிய மரபு சொல்கிறது. 1708-இல் பத்தாம் குரு கோவிந்த் சிங், தமக்குப் பின் கிரந்த சாகிப் என்ற நூலே குரு என்று அறிவித்தார். அந்த நூல் வீற்றிருந்து மக்கள் கூடும் இடம் எதுவானாலும் குருத்வாராதான். அதற்குக் குவிமாடமோ பளிங்கோ தேவையில்லை.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் அபட்ஸ்ஃபோர்ட் குருத்வாராவைப் பாருங்கள். அந்தக் காலத்துக் கடைவீதிக் கட்டடம் போல உயர்ந்த முகப்பு வைத்த மரவீடு. உள்ளூர் மர அறுவை மில்லில் வேலை பார்த்த சீக்கியர்கள், மில் கொடுத்த பலகைகளை முதுகில் சுமந்தே மேட்டுக்குக் கொண்டுபோய், 1911-இல் கட்டி முடித்தார்கள். மேல்தளத்தில் வழிபாடு, கீழே சமையலும் சாப்பாடும். அன்று அங்கே இந்தியர்களுக்கு வாக்குரிமை இல்லை. சொந்த நாட்டிலிருந்து வழியில் எங்கும் நிற்காமல் வந்தால்தான் அனுமதி என்று 1908-இல் வந்த ‘இடைநில்லாப் பயண’ விதி புதிதாக வருவோரையும் தடுத்தது. 1914-இல் கோமகாட்டா மாரு கப்பலில் வந்த 376 பேரில் பெரும்பாலோர் வான்கூவரில் கால் வைக்காமலே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அப்படிப்பட்ட நாட்களில் புதிதாக வந்தவனுக்குச் சோறும் படுக்க இடமும் தந்தவை குருத்வாராக்கள்தான். வட அமெரிக்காவில் இன்றும் நிற்கும் குருத்வாராக்களில் மிகப் பழையது இந்த அபட்ஸ்ஃபோர்ட் குருத்வாராதான். 2002-இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘சீக்கியக் கோயில்’ என்று எழுதுகிறோம். கோயில் என்றதும் நமக்குச் சிலையும் சன்னிதியும்தான் நினைவுக்கு வரும். இங்கே இரண்டும் இல்லை. ‘வழிபாட்டுத் தலம்’ என்றால் குருத்வாராவோடு சேர்ந்தே இருக்கும் சமையற்கட்டு விடுபட்டுவிடுகிறது. எனக்குப் பிடித்தது குருமன்றம். மன்றம் என்பது ஊர் கூடும் பொது இடத்துக்குச் சங்க காலம் முதல் வழங்கும் பெயர். பேர்பெற்ற இடங்களைக் குறிக்கும்போது குருத்வாரா என்றே எழுதலாம். பொருள் சொல்லும் இடத்தில் குருமன்றம் பொருந்தும்.

அங்கே தரையில் வரிசையாக உட்கார்ந்து உண்பதற்குப் பங்கத் என்று பெயர். அதற்கு நாம் புதுச்சொல் தேட வேண்டாம். அதே வடமொழி வேரிலிருந்து வந்த ‘பந்தி’ நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.