கை பழைய இடத்துக்குத்தான் போகும்: பல வருடம் கழித்து மீண்டும் ஸ்கைடைவிங்

ஆகஸ்ட் 9ஆம் தேதி தேசிய தின அணிவகுப்பில் ரெட் லயன்ஸ் வீரர்கள் பாராசூட்டில் வந்திறங்குவதைப் பார்த்த கையோடு, ஸ்டோர் ரூமில் பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தூங்கும் பாராசூட் பையை இழுத்துப் போட்டுப் பார்க்கிறவர்கள் சிங்கப்பூரில் உண்டு. ஆஸ்திரேலியாவில் படித்த காலத்தில் லைசென்ஸ் எடுத்து, பிறகு வேலை, கல்யாணம், பிள்ளை என்று விட்டுப்போனவர்கள் ஒரு வகை. தேசிய சேவையில் விமானத்திலிருந்து குதித்த அனுபவத்தை நம்பி வருகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டு தரப்பும் கேட்பது ஒன்றுதான்: "நீச்சலும் சைக்கிளும் மறக்குமா? இதுவும் அப்படித்தானே?"

அப்படித்தான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. உடம்பு மறக்கவில்லை, ஆனால் அது நினைவில் வைத்திருப்பது அன்றைய கருவியை, அன்றைய எடையை, அன்றைய விதியை. அவசரம் என்று வந்தால் கை யோசிக்காமல் பழைய இடத்துக்குப் போகும். அங்கே இப்போது ஒன்றும் இருக்காது.

மெயின் பாராசூட்டைத் திறக்கும் கைப்பிடியையே எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பருகே வாரில் இருந்த ரிப்கார்டை இழுத்துப் பழகியவர்கள் உண்டு; தொடை வாரில் சொருகிய பைலட் சூட்டில் (மெயினை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்) பழகியவர்களும் உண்டு. இன்றைய ரிக்குகளில் (பாராசூட்டும் பையும் வாரும் சேர்ந்த தொகுப்பு) அந்தக் கைப்பிடி முதுகுப் பையின் அடியில், வலது மூலையில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் பிடிக்க வேண்டும். அந்தக் காலப் பயிற்சி ரிக்குகள் சிலவற்றில் ஒரே கைப்பிடி இரண்டு வேலையும் செய்யும்: ஒரே இழுப்பில் பழுதான மெயினை விடுவித்து, ரிசர்வ் என்ற மாற்றுப் பாராசூட்டையும் திறந்துவிடும். இன்று இரண்டும் தனித்தனி. வலது பக்கம் மெயினை விடுவிக்கும் கட்அவே, இடது பக்கம் ரிசர்வைத் திறப்பது. ஒற்றைக் கைப்பிடியில் பழகிய ஒருவர் வலது பக்கத்தை மட்டும் இழுத்துவிட்டுக் காத்திருந்தால், கழன்று போகும் மெயினே ரிசர்வையும் இழுத்துத் திறக்கும் ஆர்எஸ்எல் வார் பொருத்தியிருந்தால் ஒழிய ரிசர்வ் தானாக வராது.

காத்திருக்க நேரமும் கிடையாது. வயிறு கீழே பார்க்க விழும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர். அதாவது வினாடிக்குச் சுமார் 53 மீட்டர்: ஒரு 18 மாடி வீவக அடுக்குமாடி புளோக் ஒரே வினாடியில் கடந்துபோகிறது. 2,500 அடியில் எதுவுமே திறக்கவில்லை என்றால் தரைக்கு இன்னும் 14 வினாடிதான். கைப்பிடியைத் தேட மூன்று வினாடி போனால் மூன்று புளோக் போனது.

அதனால் திரும்பி வருகிறவருக்கு முதல் வேலை விமானத்தில் இல்லை, தொங்கும் வார்க்கட்டில்தான். கூரையிலிருந்து தொங்கவிட்ட வாரில் ஆளை மாட்டி, பயிற்றுநர் "சுழலுது!" என்று கத்துவார். முதுகை வளைக்க வேண்டும். வலது கைப்பிடியைக் கண்ணால் பார்க்க வேண்டும், பிடிக்க வேண்டும். பிறகு இடது கைப்பிடியைப் பார்க்க வேண்டும். வலதை வெல்குரோவிலிருந்து உரித்துக் கை முழுதும் நீளும்வரை இழுக்க வேண்டும், உடனே இடதை இழுக்க வேண்டும். எந்தக் கை எதைப் பிடிப்பது என்பதில் பள்ளிக்குப் பள்ளி முறை மாறும். போகும் இடத்தில் சொல்லிக் கொடுப்பதையே பழகுங்கள், இரண்டு முறையைக் கலக்காதீர்கள். இந்தப் பயிற்சியில் திரும்பத் திரும்பக் காணும் பிழைகள் மூன்று. கண் மேலே சிக்கிக்கொள்கிறது: கெட்டுப்போன கேனபியையே, அதாவது விரிந்த பாராசூட் துணியையே, பார்த்துக்கொண்டு உயரத்தைக் கரைக்கிறார்கள். கட்அவேயைப் பாதி இழுத்துவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். கேனபியைத் தோளோடு இணைக்கும் ரைசர் வார்களில் ஒன்று மட்டும் கழன்று இன்னொன்று ஒட்டிக்கொண்டிருப்பது முழுப் பழுதைவிட மோசம். மூன்றாவது, பதற்றத்தில் ரிசர்வை முதலில் இழுப்பது. இன்னும் தலைக்கு மேல் சுழலும் மெயினுக்குள் ரிசர்வ் போய்ச் சிக்கும். தொடர்ந்து இருபது முறை தடுமாற்றம் இல்லாமல் வரும்வரை வாரிலிருந்து இறங்க வேண்டாம் என்பதே எங்கள் கணக்கு. ஐந்து முறை சரியாக வந்தால் போதும் என்று சொல்கிறவரும் உண்டு, ஐந்து போதாது.

தேசிய சேவையில் குதித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டாடிக் லைன் குதிப்பில் விமானத்தோடு கட்டிய வாரே உங்கள் வட்டப் பாராசூட்டைத் திறந்துவிட்டது. உயரம் பார்ப்பது, திறப்பது, பழுதான மெயினை விடுவிப்பது, தரைக்கு முன் பிரேக் இழுத்து வேகத்தைத் தணிப்பது எதுவும் அங்கே உங்கள் வேலையாக இல்லை. எனவே நீங்கள் 'திரும்பி வருகிறவர்' அல்ல, முதல்முறை மாணவர். ஆனால் அங்கே கற்ற ஒன்று பொன்னானது: விழும் முறை. இரண்டு காலையும் ஒட்டி, பாத முன்பகுதி, கெண்டைக்கால், தொடை, பிட்டம், முதுகின் பக்கச் சதை என்று வரிசையாக உருண்டு அடியைப் பகிர்வது. லைசென்ஸ் வைத்திருக்கும் பலர் இதைத்தான் முதலில் மறந்திருப்பார்கள். புளோக்குக்குக் கீழே பிள்ளைகள் விளையாடும் ரப்பர் தரையில், ஒரு படி உயரத்திலிருந்து இரண்டு பக்கமும் பழகலாம். அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள், பரவாயில்லை.

ஸ்டோர் ரூமில் கிடந்த ரிக்

இங்கே ஈரப்பதம் சராசரியாக எண்பது விழுக்காட்டுக்கு மேல். காற்றோட்டம் இல்லாத அறையில் பத்து வருடம் கிடந்த ரிக்கைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடிக்கும். வாடை பெரிய விஷயமில்லை. கயிறுகளைக் கட்டிவைத்த ரப்பர் பேண்டைத் தொட்டால் பிஸ்கட் மாதிரி உடையும். அதுவும் சில காசு விஷயம். கவலைப்பட வேண்டியவை வேறு.

கட்அவே கைப்பிடியிலிருந்து ஓடும் மஞ்சள் கேபிளை உருவிப் பாருங்கள். கையில் பிசுபிசுப்பு ஒட்டினால், ஒற்றை இழுப்பில் கழல வேண்டியது கழலாது. மெயினை வாரோடு பிடித்து வைத்திருக்கும் மூன்று வளையப் பூட்டை மாதம் ஒருமுறை பிரித்து, வளைந்தபடியே இறுகிப்போன வாரைக் கையால் பிசைந்து தளர்த்தி, கேபிளைத் துடைத்துச் சிலிக்கோன் எண்ணெய் லேசாகப் பூச வேண்டும். பத்து வருடம் அசையாத வளையத்தில் வார் மரக்கட்டைபோல் நிற்கும்.

அடுத்து கயிறுகள். ஸ்பெக்ட்ரா வகைக் கயிறு சூட்டில் சுருங்கும். திறக்கும்போது ஸ்லைடர் (கயிறுகளைக் கோத்த சின்னத் துணி) உரசி இறங்குவதால் வெளிப்பக்கக் கயிறுகளும் பிரேக் கயிறும் மற்றவற்றைவிட அதிகம் சுருங்குகின்றன. பிரேக் கயிறு சுருங்கிய கேனபியில் கையை முழுதாக மேலே விட்டாலும் பின்விளிம்பு சற்று இழுபட்டே இருக்கும். தரைக்கு முன் பிளேர் பண்ணும்போது, அதாவது பிரேக் இழுத்து வேகம் தணிக்கும்போது, நினைத்ததைவிடச் சீக்கிரம் ஸ்டால் ஆகி, அதாவது தூக்கும் விசையை இழந்து, கீழே போடும். பைலட் சூட்டின் நடுவில் ஓடும் கயிறு சுருங்கினாலும் தொல்லைதான். சூட் முழுதாக ஊதாமல் பின்னால் இழுபட்டபடி வரும், பை திறக்காது. பையை மூடும் லூப்பில் ஒரு இழை பிய்ந்திருந்தாலும் புதிது போடுங்கள். தளர்ந்த லூப் விமானக் கதவருகே திறந்துகொண்டால் ஆபத்து உங்களோடு நிற்காது; விமானத்தின் வாலும் அதில் சேரும்.

ரிசர்வை நீங்கள் தொடவே கூடாது, அதைச் சோதித்து மடிக்க லைசென்ஸ் பெற்ற ரிக்கர்தான் தொட வேண்டும். அமெரிக்க விதியில் 180 நாளுக்கு ஒருமுறை மறுபடி மடிக்க வேண்டும். 2008க்கு முன் அது 120 நாள். குதிப்பவர் திறக்காவிட்டால் ரிசர்வைத் திறக்கும் தானியங்கித் திறப்பான் என்ற ஏஏடிக்கு ஆயுள் உண்டு. 1991இல் வந்த முதல் தலைமுறை 'சைப்ரஸ்' ரக ஏஏடிக்கு 12 வருடமும் மூன்று மாதமும்தான். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தாலும் அது காலாவதி. உங்கள் கருவி எந்த மாதிரி, எந்த மாதம் தயாரானது என்று பார்த்து, தயாரிப்பாளர் கையேட்டோடு ஒப்பிடுங்கள். பழைய ரிக்கை விற்கவோ தம்பிக்குக் கொடுக்கவோ நினைப்பவர்களுக்கும் இதேதான். இருபது வருடம் தாண்டிய ரிசர்வை மடித்துத் தரப் பல ரிக்கர்கள் மறுப்பார்கள், அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

ஏஏடியைப் பற்றி ஒரு தவறான நிம்மதி பரவலாக இருக்கிறது. அனுபவசாலிக்கான சைப்ரஸ் தரைக்கு மேல் சுமார் 750 அடியில், அதுவும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 126 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் மட்டுமே வேலை செய்யும். பாதி திறந்து சுழலும் கேனபியில் வேகம் அந்த அளவு எட்டாமல் போகலாம். அப்போது அது சும்மா இருக்கும்.

விதிகளும் நகர்ந்திருக்கின்றன. அமெரிக்க பாராசூட் சங்கம் 2013இல் மேல்நிலையான 'சி', 'டி' லைசென்ஸ்காரர்கள் பாராசூட் திறக்க வேண்டிய குறைந்தபட்ச உயரத்தை 2,000 அடியிலிருந்து 2,500 ஆக உயர்த்தியது. தொடக்கநிலையான 'ஏ' லைசென்ஸுக்கு 3,000. "நான் இரண்டாயிரத்தில் திறப்பவன்" என்று பெருமையாகச் சொல்லும் பழைய கை இங்கேயும் பழைய இடத்துக்குத்தான் போகிறது.

எடை பொய் சொல்லாது

அன்று 62 கிலோ இருந்தவர் இன்று 78 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ரிக், தலைக்கவசம், உடுப்பு எல்லாம் சேர்த்து 12 கிலோ. அன்று மொத்தம் 74 கிலோ, 163 பவுண்டு. 170 சதுர அடி கேனபியில் ஒரு சதுர அடிக்கு 0.96 பவுண்டு. இன்று 90 கிலோ, 198 பவுண்டு. அதே கேனபியில் 1.17. கேனபி மாறவில்லை, ஆனால் இது வேறு கேனபி: வேகமாகப் பறக்கும், திருப்பத்தில் அதிக உயரத்தை விழுங்கும், பிளேர் பிந்தினால் கணுக்கால் பதில் சொல்லும். திரும்பி வருகிறவர் 0.85 பக்கம் தொடங்குவது நல்லது. இந்த ஆளுக்கு அது 230 சதுர அடி. பள்ளியில் வாடகைக்குக் கிடைக்கும் மாணவர் ரிக்கே போதும். கௌரவக் குறைச்சலாக இருந்தாலும் அதையே மாட்டுங்கள்.

நன்றாக விரிந்த கேனபியின் கீழேதான் பலர் அடிபடுகிறார்கள். தரைக்கு அருகில் எதிரே ஆளோ வேலியோ வந்ததும் ஒரு பக்கப் பிரேக்கை முழுக்க இழுத்துத் திரும்புவது பழைய அனிச்சை. கேனபி சாய்ந்து, மூக்கைக் குத்தி இறங்கும். நிமிர உயரம் இருக்காது. இரண்டு பிரேக்கையும் பாதிக்கு இழுத்துப் பிடித்து, ஒன்றை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுத்தால் சாயாமல் தட்டையாகத் திரும்பும். இதை 2,500 அடிக்கு மேலே பத்து முறையாவது செய்து பாருங்கள். கூடவே ஐந்தாறு பிளேர், மெதுவாக ஸ்டால் வரை கொண்டுபோய் மீட்பது. பிறகு 1,000 அடியில் காற்றோடு, 600இல் குறுக்கே, 300இல் காற்றுக்கு எதிரே என்ற பாதையில் இறங்குங்கள். முதல் நாள் காற்று மணிக்கு 22 கிலோமீட்டருக்குக் கீழே இருக்கட்டும். அமெரிக்க விதியில் மாணவர்களுக்கான எல்லையும் அதுவே.

செந்தோசாவில் 2011 முதல் இருக்கும் ஐஃபிளை காற்றுக் குழாய் இங்குள்ளவர்களுக்குக் கிடைத்த வசதி. 5 மீட்டர் விட்டத்துக்கு மேல், 17 மீட்டர் உயரம். அங்கே பத்து நிமிடம் என்பது பத்துக் குதிப்பின் விழும் நேரம். உடம்பின் சமநிலை ஆச்சரியப்படும் வேகத்தில் திரும்பிவிடும். வலது கையைப் பின்னால் கொண்டுபோகும்போது இடது கையைத் தலைக்கு மேல் நீட்டி, சுழலாமல் நிற்பதையும் பழகலாம். ஆனால் குழாயில் தரை நெருங்கி வருவதில்லை. மணிக்கட்டில் கட்டிய உயர மீட்டரைப் பார்க்கும் பழக்கம் அங்கே வளராது, போலி மீட்டரைக் கட்டிக்கொண்டு வேண்டுமென்றே பார்த்தால் ஒழிய. நாற்பத்தைந்து தாண்டியவர்கள் வெள்ளெழுத்தையும் கணக்கில் எடுங்கள்: பழைய சின்ன எண் மீட்டர் கண்ணுக்குப் புகையாகத் தெரியும். பெரிய முகமும் முள்ளும் உள்ளதை வாங்குங்கள்.

தோள் ஒருமுறை இடம் நழுவியிருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லியே கேளுங்கள். காற்றில் நழுவினால் கைப்பிடி எட்டாது. சளி பிடித்திருந்தால் ஏறாதீர்கள். தியோமானில் ஸ்கூபா முக்குளித்துவிட்டு அடுத்த நாள் காலை 14,000 அடிக்கு ஏறும் திட்டம் வேண்டாம், 24 மணி நேரம் விடுங்கள்.

சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா என்று விமானதளங்கள் நெருங்கிய இந்தத் தீவில் பொதுமக்களுக்கான குதிதளம் இல்லை. பட்டாயா, பெர்த் போன்ற வெளிநாட்டு இடங்களுக்குத்தான் போக வேண்டும். சொந்த ரிக் பத்துக் கிலோ அளவுக்கு வரும். விமானத்தில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் என்பதால் முன்பே பேசி வையுங்கள், பாதுகாப்புச் சோதனையில் காட்ட ஏஏடியின் எக்ஸ்ரே அட்டையும் கையில் இருக்கட்டும். பயணக் காப்புறுதியில் பயிற்றுநரோடு சேர்ந்து குதிக்கும் டாண்டமை ஏற்று, தனியாகக் குதிப்பதை விலக்கும் வரி இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள்.

தூரம் கொண்டுவரும் இன்னொரு தொல்லை இடைவெளி. அமெரிக்கச் சங்கத்தின் கணக்கில் 'ஏ' லைசென்ஸ்காரர் 60 நாள், 'பி' 90 நாள், 'சி', 'டி' ஆறு மாதம் குதிக்காமல் இருந்தாலே மறுபயிற்சி தேவை. வார இறுதிக்குப் போய் மூன்று குதித்துவிட்டு அடுத்த வருடம் பார்க்கலாம் என்பவர் ஒவ்வொரு முறையும் புதிதாகவே தொடங்குகிறார். ஐந்து நாள் லீவு போட்டுப் பன்னிரண்டு குதிப்பு முடியுங்கள். முதல் ஒன்றிரண்டு பயிற்றுநரோடு, 5,000 அடியிலேயே திறந்து. அடுத்த இரண்டு 5,000 அடியில் குதித்ததும் திறந்து, முழுக்கக் கேனபிக்காகவே. இரண்டாவது பயணத்துக்கான டிக்கெட்டையும் இப்போதே, அறுபது நாளுக்குள் ஒரு தேதிக்கு எடுத்துவிடுங்கள்.