அடுப்பை எத்தனை முறை பார்த்தால் சந்தேகம் தீரும்?

"எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஒவ்வொரு மின்னஞ்சலையும் பத்து முறை படித்த பிறகுதான் அனுப்புவார், அனுப்பிய பிறகும் திறந்து பார்ப்பார். கேட்டால் ஓசிடி என்கிறார். மேசையை ஒழுங்காக வைத்திருக்கும் எனக்கும்தான் ஓசிடி இருக்கிறது, நான் வேலையை முடிக்கவில்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மேசை ஒழுங்காக இருந்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கிறது இல்லையா? அப்படியென்றால் அது ஓசிடி இல்லை. ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் இருப்பவருக்குப் பதினோராவது முறை படிப்பதில் ஒரு துளி சந்தோஷமும் கிடையாது. தான் செய்வது அபத்தம் என்று பெரும்பாலும் அவருக்கே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாததுதான் நோயே. நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரக்கூடியது இது. ஆனால் அலுவலகத்தில் அதற்குக் கிடைக்கும் பெயர்கள் 'மந்தம்', 'நேர நிர்வாகம் தெரியாதவர்', அதிர்ஷ்டம் இருந்தால் 'பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்'.

சரி, திரும்பத் திரும்பப் பார்த்தால் சந்தேகம் குறையத்தானே வேண்டும்? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்சல் வான் டென் ஹூட்டும் மெரெல் கிண்டும் 2003ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பு. ஓசிடி இல்லாத சாதாரண மாணவர்கள் அதன் குமிழ்களைத் திருகி, அணைத்து, அணைந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு குழு இதையே திரும்பத் திரும்பச் செய்தது, இன்னொரு குழு நடுவில் அடுப்பை விட்டுவிட்டு மின்விளக்குகளைச் சரிபார்த்தது. கடைசியாக இரண்டு குழுக்களும் ஒருமுறை அடுப்பைப் பார்த்தன. 'இப்போது எந்தக் குமிழ்களைப் பார்த்தீர்கள்?' என்று கேட்டபோது இரண்டு குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நினைவு மங்கலாக இருந்தது, விவரம் குறைந்திருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே அதன்மீது நம்பிக்கை சரிந்திருந்தது. நினைவு கெடவில்லை, நினைவை நம்பும் திறன்தான் கெட்டது!

ஏன் இப்படி? 'கதவு' என்ற சொல்லை நிறுத்தாமல் முப்பது முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் 'தவுகதவுக' என்று ஏதோ ஒரு சத்தம்தான் மிஞ்சும், மரமும் தாழ்ப்பாளும் காணாமல் போயிருக்கும். அடுப்பிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் முறை பார்க்கும்போது நிறம், குமிழின் கோணம், விரலில் பட்ட வழுக்கல் எல்லாம் மனதில் பதிகிறது, பத்தாவது முறை மூளை அலுத்துப்போய் 'அடுப்பு, அணைந்தது' என்று வெறும் குறிப்பு எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது, அப்புறம் அந்த நினைவைத் தேடிப்போனால் அங்கே படம் இல்லை, குறிப்பு மட்டும்தான் இருக்கிறது, படம் இல்லாத நினைவை யார் நம்புவார்கள், ஆக இன்னொரு முறை எழுந்துபோய்ப் பார்க்கத் தோன்றுகிறது. சந்தேகத்தைத் தீர்க்கத்தான் சரிபார்க்கிறார்கள், சரிபார்ப்பதுதான் அடுத்த சந்தேகத்தைச் செய்து கொடுக்கிறது.

இதோடு ஓசிடி உள்ளவர்களின் மூளையில் ஓர் அபாய மணியும் சத்தமாக ஒலிக்கிறது. நாம் ஒரு தவறு செய்தால், பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் மூளையின் முன்பகுதியில் ஒரு மின் அலை எழுகிறது. ஓசிடி உள்ளவர்களிடம் அது பெரிதாக இருப்பதை 2000ல் வில்லியம் கெரிங்கின் குழு காட்டியது. 'ஏதோ தப்பு' என்ற உணர்வு அணையாமல் நிற்க, அதற்கான காரணத்தை மனம் மின்னஞ்சலில் தேடிக்கொண்டிருக்கிறது.

சிகிச்சை இருக்கிறது. 1966ல் விக்டர் மேயர் எழுதிய வழிதான் இன்றும் அடிப்படை: பயத்தை வரவிட்டு, திரும்பத் திரும்பப் பார்ப்பது போன்ற சடங்கை மட்டும் செய்யாமல் இருந்து பழகுவது. மருந்துகளும் உண்டு, வேலை செய்ய சில வாரங்கள் பிடிக்கும். 1992ல் லூயிஸ் பாக்ஸ்டரின் குழு மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, மருந்தில் தேறியவர்களிடமும் இப்படிப் பழகும் சிகிச்சையில் தேறியவர்களிடமும் காடேட் என்ற ஒரே பகுதியில் செயல்பாடு தணிந்திருந்தது. இவ்வளவு தெரிந்த பிறகும் அரசுகள் மனநலத்துக்கு ஒதுக்குவது சுகாதாரச் செலவில் 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த இடைவெளியில் பரிகாரக்காரர்கள் புகுந்துகொள்கிறார்கள். 'இதைத் தினமும் இத்தனை முறை செய்' என்று ஓசிடி உள்ளவரிடம் சொல்வதைப் போன்ற கொடுமை வேறில்லை. ஏற்கெனவே இருக்கும் சடங்குகளோடு இன்னொன்று.

வாசகருக்கு ஒன்று. உங்கள் அலுவலக நண்பர் உங்களிடம் "அனுப்பிட்டேன்ல?" என்று கேட்டால், "அனுப்பிட்டீங்க" என்று ஒருமுறை சொல்வதில் தவறில்லை. ஐந்தாவது முறையும் சொன்னால் அவருடைய சரிபார்ப்பை நீங்கள் செய்து கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்காகச் சட்டென்று நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம். அவர் நிம்மதியாக இருக்கும் ஒரு நேரத்தில் "அப்படிக் கேட்டால் நான் என்ன சொல்லட்டும்?" என்று அவரிடமே கேளுங்கள், சிகிச்சையில் இருப்பவர் என்றால் அநேகமாகப் பதில் வைத்திருப்பார். உங்கள் மேலாளரிடமும் ஒரு வார்த்தை: எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும் 'இன்னொரு முறை சரிபார்க்கவும்' என்ற வரியை அவருக்கு மட்டுமாவது விட்டுவிடச் சொல்லுங்கள்.